ஈரற் புற்றுநோயும் இனக்கொள்கையும்

மக்களை வருத்தும் பிணிகள் பலவற்றுள்ளும் புற்றுநோயைப்போல் அச்சம் விளைப்பன சிலவே. அப்புற்றுநோய் வகைகளுள்ளும் ஈரலில் தோன்றுவது மிகக் கொடியது. அது வெளிப்பட்டு நோயாளி உணருங் காலத்தில், மருத்துவர் செய்யத்தக்கது பெரும்பாலும் சிறிதே எஞ்சி நிற்கும். 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறக்குறைய 8,66,000 பேருக்கு இந்நோய் புதிதாகக் காணப்பட்டது. அவ்வாண்டில் இதனால் மாண்டோர் ஏறக்குறைய 7,58,000 பேர். இவ்விரு தொகைகளும் ஒன்றையொன்று எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்பதை நோக்கின், இந்நோயின் கொடுமை தானே விளங்கும். வேறோர் உறுப்பில் தோன்றிப் பின் ஈரலுக்குப் பரவும் புற்று வேறு. ஈண்டு நாம் கூறுவது ஈரலிலேயே தோன்றுவதை.

இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகுவது நோயின் கொடுமையை அன்று. அது உலகிற் பரந்து கிடக்கும் முறையையே ஆகும். வயது வேறுபாட்டைச் சரிசெய்து கணக்கிட்டால், மங்கோலியா நாட்டில் ஆண்டுதோறும் 1 லட்சம் பேருள் 80 பேருக்கு மேல் இந்நோய்க்கு இரையாகின்றனர். உலகில் இதனினும் மிக்க விகிதமுடைய நாடு பிறிதில்லை. இந்தியாவிலோ அத்தொகை 3 என்னும் அளவிலேயே நிற்கின்றது. உலகத்து ஈரற் புற்று நோயாளருள் நூற்றுக்கு 40 பேருக்கு மேல் சீனதேசம் ஒன்றிலேயே உள்ளனர். தென்கிழக்கு ஆசியாவிலும், ஆப்பிரிக்காவின் மேற்கு, தெற்குப் பகுதிகளிலும் இந்நோய் மிகுதி. ஐரோப்பாவின் வடபகுதியில் நெடுங்காலம் அரிதாகவே இருந்தது. நுரையீரற் புற்றும் மார்பகப் புற்றும் நாட்டுக்கு நாடு வேறுபடுவனவே எனினும், இத்துணைப் பெரிய ஏற்றத் தாழ்வை அவற்றினிடத்துக் காண்டல் அரிது. இதற்குக் காரணம் யாது?

இவ்வினாவுக்கு உலகத்தார் மூன்று விடைகள் கூறுவர். அவ்வவ்வினத்தாரின் உடற்கூறே காரணம் என்பது ஒன்று. எல்லாம் தலைவிதி என்பது மற்றொன்று. மூன்றாவது, நம் ஊர்களில் நாள்தோறும் செவிப்படுவது: “ஈரல் கெட்டதா? குடித்திருப்பான்!” என்பது. இம்மூன்று விடைகளும் ஒரு வகையில் ஒத்தன. மூன்றும் நோயாளியையே நோய்க்குப் பொறுப்பாக்கி, நம்மைச் சும்மா இருக்கவிடுகின்றன. அவன் பிறந்த இனம், அவன் விதி, அவன் செய்கை, நமக்கென்ன? இம்மூன்றும் போதிய விடைகள் அல்ல என்பதும், அவற்றை நம்பி வாளாவிருத்தல் பெருந்தீங்கு என்பதுமே யான் ஈண்டு நிறுவ விரும்புவது.

முதற்கண் இனக்கொள்கையை நோக்குவோம். ஆப்பிரிக்க மக்களிடையே இந்நோய் மிக்கிருத்தலைச் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியிலேயே மருத்துவர் பலர் கண்டனர். கண்டு, இஃது அவ்வினத்தின் இயல்பு போலும் எனக் கருதினார் சிலர். நிலக்கரித் தாரிலிருந்து புற்று விளைக்கும் பொருளைப் பிரித்தறிந்த குழுவின் தலைவரான எர்னஸ்ட் கென்னவே என்னும் ஆங்கிலேய அறிஞர், 1944ஆம் ஆண்டில் இதுபற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர் செய்தது எளிய ஒப்புநோக்கே. ஆப்பிரிக்காவில் வாழும் ஆப்பிரிக்கரையும், அவரோடு ஒரே மரபினராய் அமெரிக்காவிற் பல தலைமுறை வாழ்ந்தவரையும் அருகருகே வைத்துப் பார்த்தார். முன்னவரிடம் மிக்கிருந்த ஈரற் புற்று பின்னவரிடம் அவ்வாறு இல்லை. குருதி ஒன்று, நிலம் வேறு, நோயும் வேறு. ஆகவே காரணம் இனத்தின்கண் இல்லை, புறத்தே யாதோ ஒன்று உளது என்பது பெறப்பட்டது. அந்த “யாதோ ஒன்று” யாது என்பதை அறிதற்கு மேலும் பல்லாண்டுகள் வேண்டியிருந்தன.

1960ஆம் ஆண்டுக்குப் பின்னர், பாருக் பிளம்பர்க் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் பல நாட்டு மக்களின் குருதியை ஒப்பிட்டு ஆராய்ந்து வந்தார். ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரது குருதியில் அதுகாறும் அறியப்படாத ஒரு பொருளை அவர் கண்டார். அதற்கு “ஆஸ்திரேலியா ஆன்டிஜன்” என்று பெயரிட்டனர். அது ஹெபடைட்டிஸ்-பி என்னும் ஈரல் அழற்சி வைரஸின் மேலுறை என்பது பிற்பாடு தெளிந்தது. இக்கண்டுபிடிப்புக்காக அவருக்கு 1976ஆம் ஆண்டில் நோபெல் பரிசில் கிடைத்தது.

அவ்வைரஸுக்கும் ஈரற் புற்றுக்கும் உள்ள தொடர்பை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டியது தைவானில் நிகழ்ந்த ஓர் ஆராய்ச்சி. அங்குள்ள அரசாங்க ஊழியருள் 22,707 ஆடவரைத் தேர்ந்து, குருதியைச் சோதித்து, பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். அவருள் வைரஸைத் தாங்கியிருந்தோர் 3,454 பேர். 1981ஆம் ஆண்டில் வெளியான முடிவு வியக்கத்தக்கதாயிருந்தது. ஈரற் புற்றால் இறந்தோர் 41 பேர். அவருள் 40 பேர் வைரஸைத் தாங்கியிருந்தவர். அதனைத் தாங்கியவருக்கு நேரும் அபாயம் தாங்காதவரினும் 200 மடங்குக்கு மேற்பட்டதாகக் கணக்கிட்டனர். இவரெல்லாரும் ஒரே தீவினர்; ஒரே வகைத் தொழிலினர்; பெரும்பாலும் ஒரே மரபினர். அவரைப் பிரித்து வைத்தது இனமன்று, ஒரு வைரஸே.

இவ்வைரஸ் ஒருவரைப் பற்றும் வயதே அவர் பிற்கால வாழ்வை முடிவு செய்கின்றது. வளர்ந்தவரைப் பற்றினால் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் அதனை வென்று விடுகின்றனர். பிறக்குங் காலத்துத் தாயிடமிருந்து குழந்தையைப் பற்றினாலோ, நூறு குழந்தைகளுள் ஏறக்குறைய 90 குழந்தைகளின் உடலில் அது நிலைத்துத் தங்கிவிடுகின்றது. முப்பது நாற்பது ஆண்டுகள் அஃது ஓசையின்றி ஈரலை அரித்து, குடும்பம் தன்மேல் முழுதும் சார்ந்திருக்கும் பருவத்தில் அம்மனிதனை வீழ்த்துகின்றது. ஒரு குடும்பத்தில் தாய்க்கும், அவள் மக்கள் இருவர் மூவர்க்கும் இந்நோய் தொடர்ந்து வரக் கண்டோர், “இது குலத்தில் வரும் நோய்” என்று கூறினார்கள். கண்டது உண்மை, கொண்ட கருத்தே பிழை. தாயிடமிருந்து சேய்க்குச் சென்றது பெரும்பாலும் குலத்தின் கூறன்று, கிருமியே ஆகும்.

நிற்க. வைரஸ் ஒன்றே காரணமாயின், அது சமமாகப் பரவிய இடங்களில் நோயும் சமமாக இருத்தல் வேண்டும். அவ்வாறு இல்லை. இரண்டாவது காரணம் எதிர்பாராத ஓரிடத்திலிருந்து வெளிப்பட்டது. 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் 1 லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் ஈரல் கெட்டு மடிந்தன. ஆராய்ந்தபொழுது, அவற்றுக்குத் தீனியாக இட்ட நிலக்கடலைப் பிண்ணாக்கிற் பூத்திருந்த பூஞ்சணம் ஒன்று நஞ்சைச் சுரந்திருந்தமை புலப்பட்டது. அஃப்லடாக்ஸின் எனப் பெயர் பெற்ற அந்நஞ்சு, வெப்பமும் ஈரமும் மிக்க நாடுகளில் நன்கு உலராத கடலையிலும் மக்காச்சோளத்திலும் தங்குவது. அடுப்பில் வேகவைப்பதால் முற்றும் அழியாதது. 1974ஆம் ஆண்டில் நம் நாட்டில் ராஜஸ்தானத்தும் குஜராத்தினும் உள்ள சிற்றூர்களில் மழையில் நனைந்த மக்காச்சோளத்தை உண்டு நூற்றுக்கு மேற்பட்ட ஏழை மக்கள் மாண்டது இந்நஞ்சினாலேயே ஆகும்.

ஒரே காலத்தில் மிகுதியாக உண்டால் உடனே கொல்வது. சிறிது சிறிதாகப் பல்லாண்டு உண்டால் புற்று விளைப்பது. இதுவும் வைரஸும் ஓருடலிற் சேர்ந்தால் நேர்வதை ஷாங்காய் நகரத்து ஆடவர் 18,244 பேரைக் கொண்டு நிகழ்த்திய ஆராய்ச்சி காட்டிற்று. நஞ்சு மட்டும் உடையார்க்கு அபாயம் ஏறக்குறைய 3 மடங்கு. வைரஸ் மட்டும் உடையார்க்கு 7 மடங்கு. இரண்டும் உடையார்க்கோ 59 மடங்கு. இஃது இரு தீமைகளின் கூட்டுத்தொகை அன்று; ஒன்றை மற்றொன்று பெருக்கிய தொகை. ஆப்பிரிக்காவின் சில பகுதிகளிலும் சீனத்தின் கீழ்க்கரையிலும் இளவயதினரே இந்நோய்க்கு இரையானதன் மருமம் இதுவே.

மூன்றாவது காரணம் நம்மை நாணச் செய்வது; என்னை? நோய் தீர்க்க வந்த கையே நோயைப் பரப்பியது. எகிப்து நாட்டில் நைல் நதி வாய்க்கால்களில் இறங்கி உழைக்கும் உழவரை பில்ஹார்சியா என்னும் புழுநோய் நெடுங்காலமாக வருத்தி வந்தது. அதனை ஒழிக்கும் நன்னோக்கத்தோடு, 1950ஆம் ஆண்டுக்குப் பின் பல பத்தாண்டுகள் சிற்றூர்தோறும் ஆண்டிமனி கலந்த மருந்தை ஊசிவழி ஏற்றினர். ஊசிகள் நன்கு தூய்மை செய்யப்படாமல் ஒருவர்பின் ஒருவருக்குப் பயன்பட்டன. 1989ஆம் ஆண்டுவரை உலகம் அறியாதிருந்த ஹெபடைட்டிஸ்-சி என்னும் வைரஸ் அவ்வூசிகளின் வழியே ஒரு தேசமெங்கும் பரவியது. உலகத்தில் அவ்வைரஸ் மிக்க நாடு எகிப்து என்னும் நிலை வந்தது. ஈரற் புற்றும் பின்தொடர்ந்து வந்தது. இதனை எகிப்தியரின் இன இயல்பு என்று எவரேனும் கூறின், அஃது எத்துணைப் பெரிய அநியாயம்!

பிற காரணங்களைச் சுருங்கக் கூறுவேன். தாய்லாந்தின் வடகிழக்கில் மக்கள் விரும்பி உண்ணும் வேகாத ஆற்றுமீனில் ஒருவகைத் தட்டைப்புழு உளது. அது பித்தக் குழாயிற் குடிபுகுந்து, ஆண்டுகள் பல கழிந்தபின் அங்கே புற்றை விளைக்கின்றது. அவ்வகைப் புற்று உலகில் மிக்குள்ள இடம் அதுவே. மேனாடுகளிலோ மதுவும், மிகு உடற்பருமனும், நீரிழிவும் காரணங்களாகின்றன. 1975ஆம் ஆண்டு முதல் 2005ஆம் ஆண்டு வரையுள்ள முப்பதாண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இந்நோயின் விகிதம் மும்மடங்காயிற்று. அந்நாட்டில் குடியேறிய சீனரிடம் இந்நோய் மிகுதி. அவர் மரபில் அந்நாட்டிலேயே பிறந்தவரிடம் குறைவு. 1944ஆம் ஆண்டில் கென்னவே கண்ட உண்மையே மீண்டும் வேறோர் இனத்தாரிடம் மெய்ப்படுகின்றது.

இங்கு ஒரு தடை எழுதல் கூடும். “பெரும்பாலான நாடுகளில் பெண்டிரினும் ஆடவரே இரண்டு மூன்று மடங்கு மிகுதியாக இந்நோய் எய்துகின்றனர்; வைரஸைத் தாங்கியவர் அனைவருக்கும் புற்று வருவதில்லை; ஆகவே உடற்கூறு என்பது சிறிதும் இல்லையோ?” என்று வினவுவர். உடற்கூறு சிறிதும் இல்லை என்று நாம் கூறவில்லை. ஒரே தீயில் பச்சை மரமும் உலர்ந்த மரமும் ஒரே விரைவில் எரிவதில்லை. ஆயினும் தீ வைத்தது எது என்பதே நம் வினா. மேலும், வறிய நாடுகளின் கணக்குகள் குறைபாடுடையன; மருத்துவமனையையே காணாது மாண்டவர் பெயர் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. இக்குறைகளை ஒப்புக்கொண்ட பின்னரும் மேற்கூறிய முடிவு சிறிதும் தளரவில்லை. ஏனெனில் அதற்கு இறுதிச் சான்று வேறொன்று உளது. காரணத்தை நீக்கிப் பார்த்தலே அச்சான்று.

தைவானில் 1984ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதல், வைரஸைத் தாங்கிய தாய்மாரின் குழந்தைகளுக்குப் பிறந்தவுடன் தடுப்பூசி போடத் தொடங்கினர். 1986ஆம் ஆண்டில் அது பிறந்த குழந்தைகள் அனைவருக்கும் உரியதாயிற்று. 1984ஆம் ஆண்டில் தைப்பே நகரத்துச் சிறுவருள் நூற்றுக்கு ஏறக்குறைய 10 பேர் வைரஸைத் தாங்கியிருந்தனர். பத்தாண்டு கழிந்து அத்தொகை 1.3 ஆகக் குறைந்தது. 6 வயது முதல் 14 வயது வரையுள்ள சிறுவரிடம் ஈரற் புற்று 1 லட்சத்துக்கு 0.70 என்னும் அளவினின்று 0.36 ஆகத் தாழ்ந்தது. தடுப்பூசியால் ஒரு புற்றுநோயைக் குறைக்கலாம் என்பதை உலகம் முதன்முதல் கண்டது அப்பொழுதுதான். சீனத்தில் சிடோங் என்னும் வட்டாரத்து மக்கள் 1980ஆம் ஆண்டுக்குப் பின் மக்காச்சோளத்தை விட்டு அரிசியை உணவாகக் கொண்டனர். தடுப்பூசி பெறாத தலைமுறையினரிடத்தும் அங்கே ஈரற் புற்றினால் நேரும் இறப்பு குறைந்தது. எகிப்தோ, 2018ஆம் ஆண்டு அக்டோபர் முதல் ஏழு மாதங்களில் ஏறத்தாழ 5 கோடி மக்களின் குருதியைச் சோதித்து, நோய் கண்டோர்க்கு வைரஸை அறவே நீக்கும் மாத்திரைகளை அரசாங்கச் செலவில் வழங்கிற்று. தன் பழைய பிழையைத் தானே திருத்த முற்பட்ட அந்நாட்டின் ஊக்கம் போற்றத்தக்கது.

அம்மக்களின் குருதி மாறவில்லை, விதியும் மாறவில்லை. மாறியன ஊசியும், உணவும், அரசாங்கத்தின் மனமுமே.

இனி நம் நாட்டை நோக்குவோம். இந்தியாவின் சராசரி விகிதம் குறைவு என்று மகிழ்வதற்கில்லை. அருணாசலப் பிரதேசத்தின் பாப்பும் பாரே மாவட்டத்தில் ஆடவர் 1 லட்சம் பேருள் ஆண்டுதோறும் 30 பேருக்கு மேல் இந்நோய் காணப்படுவதாகப் புற்றுநோய்ப் பதிவேடு கூறுகின்றது. சராசரி என்னும் போர்வை எத்துணைத் துன்பத்தை மறைக்கும் என்பதற்கு இதுவே சான்று. ஹெபடைட்டிஸ்-பி வைரஸைத் தாங்கியோர் இந்தியாவில் ஏறக்குறைய 3 கோடிப் பேர் என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2022ஆம் ஆண்டுக்கு இட்ட மதிப்பு. அவருட் பெரும்பாலோர் தம் நிலையைத் தாமே அறியார்.

தமிழ்நாட்டில் மஞ்சட்காமாலை என்றவுடன் கீழாநெல்லியை நாடுதல் வழக்கம். சென்னை ஆராய்ச்சியாளர், பிளம்பர்க்கோடு கூடி, 1988ஆம் ஆண்டில் அம்மூலிகையைச் சோதித்தனர். அதனை உட்கொண்ட 37 பேருள் 22 பேரின் குருதியினின்று வைரஸின் அடையாளம் நீங்கியது என அறிவித்தனர். உலகமே வியந்தது. பின்னர்ப் பிற இடங்களிற் செய்த சோதனைகள் அம்முடிவை உறுதிப்படுத்தவில்லை. சோதித்துப் பார்த்தது பெருமையே. சோதனை கைகொடாதபின்னும் அதனையே நம்பித் தடுப்பூசியைப் புறக்கணித்தல் பேதைமையே ஆகும்.

குடியால் ஈரல் கெடும் என்பது மெய். அதனை மறுப்பார் இலர். ஆயினும் வாழ்நாளில் ஒரு துளி மதுவும் தொடாத தாய்மாரும், ஆசிரியரும், உழவரும் ஈரல் நோயால் மாளுங்கால், ஊரார் குடிப்பழியை அவர்மேற் சுமத்துகின்றனர். நோயாளி பழிக்கு அஞ்சி நோயை மறைக்கிறான். மறைத்தலால் அவன் மனைவியும் மக்களும் சோதிக்கப்படாது போகின்றனர். அவ்வீட்டிற் பிறக்கும் அடுத்த குழந்தையை வைரஸ் பற்றுகின்றது. ஆகவே இப்பழிச்சொல் வெறும் வம்பு அன்று. நோயைப் பரப்பும் கருவிகளுள் அதுவும் ஒன்று. இவ்வைரஸ் உடனிருந்து உண்பதாலோ, கைகுலுக்குவதாலோ பரவுவதன்று. அங்ஙனமிருக்க, வைரஸைத் தாங்கியவரை வேலையினின்றும் மணவினையினின்றும் விலக்கி வைத்தல் அறிவுக்கும் அறத்துக்கும் ஒவ்வாது. சீனதேசத்தில் வேலைக்கு வருவோரை இவ்வைரஸுக்காகச் சோதித்து ஒதுக்கும் வழக்கம் நெடுநாள் இருந்தது. 2010ஆம் ஆண்டில் அரசாங்கம் அதனைத் தடை செய்தது.

மாணவ நண்பர்களே! நம் நாட்டுக் குழந்தைகளுக்கு இத்தடுப்பூசி போடும் திட்டம் நாடு முழுதும் பரவியது 2011ஆம் ஆண்டில்தான். இன்று நம் வகுப்புகளில் அமர்ந்திருப்போர் பெரும்பாலும் அதற்கு முன்னரே பிறந்தவர். உங்களுள் எத்தனை பேர் அதனைப் பெற்றீர்கள் என்று வீட்டாரைக் கேட்டதுண்டோ? கேட்டறிந்து, பெறாதவர் குருதியைச் சோதித்துக்கொண்டு, ஆறு மாத காலத்தில் மூன்று முறை போட்டுக்கொள்ளுதல் எளிது. வைரஸ் இருப்பதாகத் தெரியின் அஞ்ச வேண்டா. அதனை அடக்கிவைக்கும் மருந்துகள் உள. காலத்தில் அறிதலே பாதுகாப்பு. ஒவ்வோராண்டும் புதுமுக மாணவரைச் சேர்க்குங்கால், அவர்தம் மதிப்பெண்களைக் கேட்டறிதல்போல இதனையும் கேட்டறிந்து, பெறாதார்க்குத் தடுப்பூசி போட ஏற்பாடு செய்தல் கல்லூரிகளின் கடமை என்பது என் கருத்து. சோதனையின் முடிவு மாணவருக்கு மட்டுமே தெரிவிக்கப்படல் வேண்டும். அதனாற் சேர்க்கைக்கோ விடுதிக்கோ ஒரு தடையும் நேர்தலாகாது.

கல்லூரியை விட்டுச் சென்ற பழைய மாணவருக்கும் ஒரு சொல். உங்கள் இல்லத்தில் குழந்தை பிறக்குங்கால், 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போடப்பட்டதா என்று வினவுங்கள். 2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி, உலகத்துக் குழந்தைகளுள் உரிய காலத்தில் அதனைப் பெற்றவை நூற்றுக்கு ஏறக்குறைய 45 மட்டுமே. நோய் மிக்க ஆப்பிரிக்காவிலோ 18 மட்டுமே. உழவுத்தொழில் உடையோர் கடலையை நன்கு உலர்த்திச் சேமிக்கவும், பூஞ்சணம் பூத்ததை விலைநோக்கி விற்காதிருக்கவும் தம் ஊராருக்கு எடுத்துரைக்கலாம்.

உலகப் படத்தில் இந்நோய் மிக்க நாடுகளைக் கருநிறத்தால் தீட்டினால், அக்கருமை அந்நாட்டு மக்களின் இயல்பைக் காட்டுவதாக எண்ணற்க. பிறந்த அன்றே கிடைத்திருக்க வேண்டிய ஊசி கிடைக்காத குழந்தைகளையும், உலர்த்த இடமின்றி நனைந்த தானியத்தை உண்ட ஏழைகளையும், தூய்மை செய்யப்படாத ஊசிக்குத் தோள் கொடுத்த உழவரையுமே அது காட்டுகின்றது. மனிதர் செய்தவற்றால் வந்ததும், செய்யாது விட்டவற்றால் வளர்ந்ததுமாகிய இத்துன்பத்தை மனிதரே நீக்கலாம். தைவான் அதனை நாற்பதாண்டுகளுக்கு முன்னரே தொடங்கிக் காட்டியது. நாம் நம் வீட்டிலும் நம் கல்லூரியிலும் தொடங்குவோமாக.